சைனஸ் வலி காத்திருக்கும், பார்வை காத்திருக்காது

நம் வீடுகளில் சைனஸ் என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல், ஏர்கோன் அறையில் சற்று நேரம் உட்கார்ந்தால் மூக்கடைப்பு, தலைக்குக் குளித்த அன்று நெற்றியில் பாரம், புகைமூட்டம் வந்துவிட்டால் தொண்டையில் இறங்கும் சளி என எதுவாக இருந்தாலும் "எனக்கு சைனஸ்" என்று சொல்லிவிடுகிறோம். மலாய்க்காரர்கள் இதையே 'ரெஸ்டுங்' என்பார்கள். கோடாலித் தைலம், ஆவி பிடிப்பது, இரண்டு பனடோல் என்று ஒவ்வொரு வீட்டிலும் இதற்கு ஒரு வைத்தியமும் இருக்கிறது. பெரும்பாலான நாட்களில் அதுவே போதும்.

பழகிப்போன நோயில் ஒரு சிக்கல் உண்டு. அது வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்ளும் நாளிலும் நாம் வழக்கமான வைத்தியத்தையே செய்துகொண்டிருப்போம். மூக்கில் தொடங்கிய தொல்லை கண்ணைத் தொடும்போது அப்படி இருந்துவிடுவதுதான் ஆபத்து. மூக்கடைப்பு ஒரு வாரம் காத்திருக்கலாம். தலைப்பாரம் இரண்டு நாள் காத்திருக்கலாம். பார்வை மங்கத் தொடங்கினால் சில மணி நேரம்கூட வீணாகக் கூடாது.

சைனஸுக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பை இந்த வாரம் பார்ப்போம். எது சாதாரணம், எது அவசரம் என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் தேவையில்லாத பயமும் இருக்காது, தேவையான நேரத்தில் தாமதமும் இருக்காது.

நடுவே ஒரு காகிதச் சுவர்

சைனஸ் என்பது நோயின் பெயர் அல்ல. நம் முக எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளின் பெயர் அது. இரு பக்கமும் சேர்த்து நான்கு ஜோடி அறைகள் இருக்கின்றன. நெற்றி எலும்புக்குள் ஒரு ஜோடி. கன்ன எலும்புக்குள் ஒரு ஜோடி. மூக்கின் மேற்பகுதிக்கும் கண்ணுக்கும் இடையில் தேன்கூடு போலச் சிறு சிறு அறைகளாக எத்மாய்டு சைனஸ். தலையின் நடுவில், மூக்குக்கு வெகு பின்னால், ஸ்பீனாய்டு சைனஸ். இந்த அறைகளின் உட்புறச் சவ்வில் சுரக்கும் சளி, சிறு துளைகள் வழியாக மூக்குக்குள் வடியும். சளி பிடித்தோ ஒவ்வாமையாலோ அந்தத் துளைகள் வீங்கி அடைத்துக்கொண்டால் உள்ளே சளி தேங்குகிறது. தேங்கிய இடத்தில் கிருமி வளர்கிறது. நாம் 'சைனஸ்' என்று சொல்வது இந்த அழற்சியைத்தான்.

இப்போது கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கண் உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழிக்கு மேலே நெற்றி சைனஸ், கீழே கன்ன சைனஸ், மூக்குப் பக்கத்தில் எத்மாய்டு சைனஸ். பின்னால், பார்வை நரம்பு மூளைக்குப் போகும் வழியை ஒட்டியே ஸ்பீனாய்டு சைனஸ். வீட்டைச் சுற்றி வாய்க்கால் ஓடுவது போல, கண்குழியைச் சுற்றி சைனஸ்கள்தான் இருக்கின்றன.

இவற்றில் கண்ணுக்கும் எத்மாய்டு சைனஸுக்கும் இடையிலான சுவர்தான் மிக மெல்லியது. அரை மில்லிமீட்டர் கனம்கூடக் கிடையாது. உடற்கூறு நூல்களில் இதற்கு 'லாமினா பாப்பிரேசியா' என்று பெயர். 'காகிதம் போன்ற தகடு' என்பது அதன் பொருள். இந்தத் தகட்டில் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் போய்வரச் சிறு துளைகள் வேறு இருக்கின்றன. எத்மாய்டில் தேங்கிய சீழ் கண் பக்கம் கடக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

பார்வை நரம்பின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். சிலருக்கு ஸ்பீனாய்டு சைனஸுக்கும் பார்வை நரம்புக்கும் இடையே எலும்பு மிக மெலிந்திருக்கும். இன்னும் சிலருக்கு எலும்பே இல்லாமல் சவ்வு மட்டும் இருக்கும். பின்பக்க எத்மாய்டு அறை ஒன்று பார்வை நரம்பைச் சுற்றியே வளர்ந்திருப்பதும் உண்டு. இதைச் சுட்டிக்காட்டிய ஹங்கேரி மருத்துவர் அடோல்ஃப் ஓனோடியின் பெயரால் அதை 'ஓனோடி அறை' என்றே மருத்துவர்கள் அழைக்கிறார்கள். சைனஸ் அறுவை சிகிச்சைக்கு முன்னால் சிடி ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று நிபுணர்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பயப்படத் தேவையில்லாதவை

சைனஸ் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பார்வைக்கு எந்தப் பாதிப்பும் வருவதில்லை. ஆனால் கண்ணைச் சுற்றிச் சில தொல்லைகள் இருக்கும்.

கண்ணில் நீர் வடிவது அவற்றில் ஒன்று. கண்ணீர் வடிந்து போகும் குழாய் மூக்குக்குள்தான் திறக்கிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும் அதனால்தான். மூக்கு வீங்கினால் அந்தக் குழாயின் வாய் அடைபட்டு, நீர் கன்னத்தில் வழிகிறது. அப்படி நீர் தேங்கும்போது பார்வை கலங்கலாகத் தெரியும். கண்ணைச் சிமிட்டினாலோ துடைத்தாலோ தெளிந்துவிடும். சிமிட்டினால் தெளியும் மங்கல் பெரும்பாலும் கண்ணின் மேற்பரப்பைச் சார்ந்தது. பயப்பட வேண்டாம்.

காலையில் இரு கண்களுக்குக் கீழும் லேசான உப்பல், கண்ணுக்குப் பின்னால் பாரம், குனிந்தால் கன்னத்திலும் நெற்றியிலும் அழுத்தம், ஒவ்வாமையால் கண் அரிப்பு ஆகியவையும் சாதாரணமாக வருபவைதான்.

இன்னொரு காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. சளிக்கும் தும்மலுக்கும் நாம் வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகள்தான் அது. தூக்கம் வரவழைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் கண்ணை உலர்த்தும். அருகில் இருப்பதைப் படிக்கும்போது எழுத்துகள் மங்கலாகத் தெரியலாம். மாத்திரையை நிறுத்தினால் பார்வை பழையபடி ஆகிவிடும். ஆனால் கண் அழுத்த நோய், அதாவது குளுக்கோமா, இருப்பவர்கள் இந்த மாத்திரைகளை வாங்கும்போது மருந்தாளரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். குறுகலான கோணம் உள்ள கண்களில் இவை திடீரென்று அழுத்தத்தை ஏற்றிவிடக்கூடும்.

இமை வீங்கினால் கவனியுங்கள்

அவசரத்தின் முதல் அடையாளம் பெரும்பாலும் இமையில்தான் தெரியும். இதில் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் குழந்தைகள். எத்மாய்டு சைனஸ் பிறக்கும்போதே இருக்கிறது. நெற்றி சைனஸ் சில வயது கழித்துத்தான் வளரும். குழந்தைகளின் எலும்புச் சுவர் பெரியவர்களுடையதைவிட மெல்லியது. நான்கைந்து நாள் சளியும் காய்ச்சலுமாக இருந்த குழந்தைக்கு ஒரு காலையில் ஒரு பக்க இமை மட்டும் சிவந்து வீங்கியிருக்கும். கொசு கடித்திருக்கும் என்று ஒருவர் சொல்வார். கண் வலி ஒட்டிக்கொண்டது என்று இன்னொருவர் சொல்வார். திருஷ்டி என்று பாட்டி சுற்றிப் போடுவார். யாருக்கும் மூக்குச் சளி நினைவுக்கு வராது.

கண்ணிமைக்குள் ஒரு மெல்லிய தடுப்புத் திரை இருக்கிறது. கிருமித் தொற்று அந்தத் திரைக்கு முன்னால் நின்றால் இமை மட்டுமே வீங்கும். இமையை மெல்லத் தூக்கிப் பார்த்தால் உள்ளே கண் வெள்ளையாக இருக்கும், எல்லாப் பக்கமும் அசையும், பார்வை சரியாக இருக்கும். இதற்கும் மருத்துவர் மருந்து தர வேண்டும், ஆனால் பெரும்பாலும் விரைவில் குணமாகிவிடும்.

தொற்று திரைக்குப் பின்னால், கண்குழிக்குள் போய்விட்டால் கதை வேறு. அப்போது கண் முன்னால் தள்ளிக்கொண்டு வரும். கண்ணை அசைத்தால் வலிக்கும். மேலே பார், கீழே பார் என்றால் அந்தக் கண் மட்டும் பின்தங்கும். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். பார்வை மங்கும். கண்குழி என்பது எலும்பால் ஆன கூம்பு. முன்பக்கம் தவிர விரிய இடமில்லை. உள்ளே சீழும் வீக்கமும் சேரச் சேர அழுத்தம் ஏறி, பார்வை நரம்புக்குப் போகும் இரத்த ஓட்டம் தடைபடுகிறது. இரத்தம் இல்லாமல் நரம்பு அதிக நேரம் தாங்காது. ஒருமுறை இறந்த பார்வை நரம்பை மீண்டும் உயிர்ப்பிக்க இன்றுவரை மருந்தில்லை.

இந்தத் தொற்றின் போக்கை 1970-இல் அமெரிக்க மருத்துவர் சாண்ட்லரும் அவர் குழுவினரும் ஐந்து வகையாகப் பிரித்தார்கள். இமை வீக்கம், கண்குழித் திசுவில் அழற்சி, எலும்புக்கும் அதன் உறைக்கும் இடையே சீழ்க்கட்டி, கண்குழிக்குள்ளேயே சீழ்க்கட்டி, கடைசியாக மூளையின் அடியில் உள்ள இரத்தக் குழாயில் உறைவு. இன்றும் உலகம் முழுவதும் மருத்துவமனைகளில் இந்தப் பிரிவையே பயன்படுத்துகிறார்கள். கடைசி வகை உயிருக்கே ஆபத்து. ஒரு கண்ணில் தொடங்கிய வீக்கம் மற்றக் கண்ணுக்கும் பரவினால், கடும் தலைவலி, வாந்தி, மயக்கம் சேர்ந்தால், அது மூளைப் பக்கம் போவதன் அறிகுறியாக இருக்கலாம்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருவதற்கு முந்திய காலத்தில் கண்குழித் தொற்று கண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தார்கள். பிழைத்தவர்களிலும் பலர் பார்வையை இழந்தார்கள். இன்று உரிய நேரத்தில் மருத்துவமனைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் முழுப் பார்வையோடு வீடு திரும்புகிறார்கள். அன்றும் இன்றும் கிருமிகள் ஏறக்குறைய அதே கிருமிகள்தான். மாறியிருப்பது மருந்தும், ஸ்கேனும், நோயாளி வந்து சேரும் நேரமும். இவற்றில் நம் கையில் இருப்பது கடைசி ஒன்றுதான்.

வலியில்லாமல் வருபவை

எல்லா ஆபத்தும் காய்ச்சலோடும் வீக்கத்தோடும் வருவதில்லை. சில, ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும்.

சைனஸின் வாய் நிரந்தரமாக அடைபட்டால் உள்ளே சளி சேர்ந்து சேர்ந்து ஒரு பை போல உப்பும். இதற்கு 'மியூக்கோசீல்' என்று பெயர். நாட்பட்ட சைனஸ் தவிர, பழைய விபத்தில் நெற்றி எலும்பு முறிந்தவர்களுக்கும், முன்பு சைனஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் பல ஆண்டுகள் கழித்துகூட இது வரலாம். மெல்ல வளர்ந்து எலும்பைத் தேய்க்கும். நெற்றி சைனஸில் வந்தால் கண்ணைக் கீழேயும் வெளிப்புறமாகவும் தள்ளும். வலி அதிகம் இருக்காது. பழைய புகைப்படத்தையும் புதிய புகைப்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒரு கண் இறங்கியிருப்பது புலப்படும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. கன்ன சைனஸ் அடைபட்டு, உள்ளே காற்றழுத்தம் குறைந்து, சுவர்கள் உள்நோக்கி இழுக்கப்படும். கண்ணின் தரையே தாழ்ந்துவிடுவதால் கண் உள்ளே போனது போல இருக்கும். மூக்கில் சளியோ வலியோ பெரிதாகத் தெரியாததால் 1994-இல் இதற்கு 'மௌன சைனஸ்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். ஒரு பக்க இமை மட்டும் குழிந்திருப்பதும் சில நேரம் இரட்டைப் பார்வையும்தான் இதன் அறிகுறிகள்.

ஸ்பீனாய்டு சைனஸின் தொல்லை இன்னும் தந்திரமானது. அது தலையின் நடுவில் இருப்பதால் மூக்கு ஒழுகாமல்கூட இருக்கலாம். உச்சந்தலையிலோ கண்ணுக்குப் பின்னாலோ ஆழமான தலைவலி, பல நாட்கள் விடாமல் இருக்கும். ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டே இருப்பார்கள். பிறகு பார்வை மங்கும், அல்லது ஒரு கண் வெளிப்புறம் திரும்ப மறுக்கும். கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவர் மாற்றிப் பார்ப்பார்கள். கண்ணாடி மாற்றியும் தெளியாத மங்கல், தலைவலியோடு சேர்ந்த மங்கல் என்றால் கண் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்குத் தனி எச்சரிக்கை

2021-இல் இந்தியாவில் கோவிட் இரண்டாம் அலை வீசியபோது 'கருப்புப் பூஞ்சை' என்ற சொல் நம் வீட்டுத் தொலைக்காட்சிகளிலும் கேட்டது. அந்த ஆண்டு ஜூலைக்குள் அங்கே 45,000-க்கு மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் வந்தது. 4,300-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்களில் பலருக்குக் கண்ணையே அகற்ற வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் உறவினர்கள் உள்ள குடும்பங்களுக்கு அந்தச் செய்திகள் வெறும் செய்திகளாக இருக்கவில்லை.

கோவிட் தணிந்ததும் அந்தப் பூஞ்சை எங்கும் போய்விடவில்லை. அது மண்ணிலும் அழுகிய பழத்திலும் மட்கிய இலையிலும் எப்போதும் இருப்பதுதான். நாம் எல்லோரும் தினமும் அதை மூச்சோடு இழுக்கிறோம். உடலில் எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை ஒன்றும் ஆவதில்லை. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை. இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறியிருப்பவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள் ஆகியோரிடம்தான் அது வேலையைக் காட்டும். மூக்கில் இறங்கி, சைனஸுக்குள் புகுந்து, இரத்தக் குழாய்களை அடைத்து, சில நாட்களுக்குள் கண்ணையும் மூளையையும் எட்டிவிடும்.

நம் நாட்டுக்கு இது ஏன் முக்கியம்? 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் ஏறக்குறைய ஆறு பெரியவர்களில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. நம் இந்தியச் சமூகத்தில் அந்த விகிதம் அதைவிட அதிகம். ஆகவே இனிப்பு நீர் உள்ள ஒருவர் "சைனஸ் வலி" என்று சொன்னால் வீட்டில் உள்ளவர்கள் கூடுதலாகச் சில கேள்விகள் கேட்க வேண்டும். வலி ஒரு பக்கம் மட்டுமா? கன்னம் மரத்துப்போயிருக்கிறதா? மூக்கிலிருந்து கருப்பாகவோ இரத்தம் கலந்தோ சளி வருகிறதா? மேல் தாடைப் பல் ஆடுகிறதா? அண்ணத்தில் கருப்புத் திட்டு தெரிகிறதா? இமை தொங்குகிறதா, பொருள்கள் இரண்டாகத் தெரிகின்றனவா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாசார் மாலாமிலும் இணையத்திலும் மூட்டுவலிக்கும் ரெஸ்டுங்குக்கும் விற்கப்படும் பதிவில்லாத மாத்திரைகள், பொடிகள் சிலவற்றில் டெக்சாமெத்தாசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சாப்பிட்ட இரண்டாம் நாளே மூக்கு திறந்துவிடும், வலி பறந்துவிடும். ஆனால் சர்க்கரை ஏறும், எதிர்ப்புச் சக்தி இறங்கும், நாளடைவில் கண்புரையும் கண் அழுத்தமும் வரலாம். உள்ளே தொற்று பரவிக்கொண்டிருந்தாலும் வெளியே தெரியாது. பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுச்சீட்டும் இருக்கின்றனவா என்று பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

சைனஸ் போல வந்து ஏமாற்றுபவை

கண்ணைச் சுற்றி வலித்தாலே சைனஸ் என்று முடிவு கட்டுவதும் தவறுதான். திடீரென்று வரும் கண் அழுத்த நோயில் ஒரு கண் சிவந்து, நெற்றியோடு சேர்ந்து கடுமையாக வலிக்கும். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். வாந்தி வரும். பார்வை புகை படிந்தது போல ஆகும். ஆசிய நாடுகளில், குறிப்பாக நடுத்தர வயதைக் கடந்த பெண்களிடம், இது அதிகம். சைனஸ் என்று நினைத்துத் தைலம் தடவிப் படுத்துவிட்டால் காலைக்குள் பார்வை பறிபோகலாம்.

மூக்குக்குப் பின்னால் தொண்டை மேற்பகுதியில் வரும் புற்றுநோய் நம் நாட்டில் காணப்படும் நோய்களில் ஒன்று. சீனர்களிடமும் சரவாக்கின் பிடாயூ மக்களிடமும் அதிகம் என்றாலும் மற்றவர்களுக்கு வராது என்பதில்லை. சளியில் இரத்தம், ஒரு காது மட்டும் அடைத்திருப்பது, கழுத்தில் கட்டி, இரட்டைப் பார்வை ஆகியவை சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மாதத்துக்கு இரண்டு மூன்று முறை வந்து, வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் படுக்கவைக்கும் 'சைனஸ் தலைவலி' பல நேரம் ஒற்றைத் தலைவலியாகத்தான் இருக்கும். அதற்கான சிகிச்சையே வேறு.

வீட்டிலேயே இரண்டு நிமிடச் சோதனை

சளியோ சைனஸோ இருக்கும்போது கண்ணில் ஏதாவது வித்தியாசம் தோன்றினால் கீழ்க்கண்டவற்றைச் செய்து பாருங்கள். கண்ணாடி அணிபவர்கள் அணிந்துகொண்டே செய்யலாம்.

முதலில், ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சுவரில் உள்ள நாள்காட்டியைப் படியுங்கள். பிறகு மற்றக் கண். இரண்டும் ஒரே மாதிரி தெரிகின்றனவா? இரு கண்களையும் திறந்தே வைத்திருந்தால் நல்ல கண் மற்றதின் குறையை மறைத்துவிடும். ஒரு கண் மங்கியதே பலருக்கு நாள் கணக்கில் தெரியாமல் போவது இதனால்தான்.

இரண்டாவது, ஒரு பத்து ரிங்கிட் நோட்டை எடுத்து, ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பாருங்கள். ஒரு கண்ணுக்கு அந்தச் சிவப்பு வெளுத்துப் பழுப்பாகத் தெரிந்தால் பார்வை நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். எழுத்து மங்குவதற்கு முன்பே நிறம் மங்குவது உண்டு.

மூன்றாவது, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே, கீழே, இடம், வலம் திருப்புங்கள். வலிக்கிறதா? ஏதாவது ஒரு பக்கம் பொருள்கள் இரண்டாகத் தெரிகின்றனவா?

நான்காவது, வேறொருவரை உங்கள் தலைக்குப் பின்னால் நின்று, மேலிருந்து இரு கண்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் துருத்திக்கொண்டிருந்தால் அந்தக் கோணத்தில் தெரிந்துவிடும்.

சிறு குழந்தைகளிடம் இதையெல்லாம் கேட்க முடியாது. கைவிளக்கையோ பொம்மையையோ நகர்த்தி, கண் பின்தொடர்கிறதா என்று பாருங்கள். வீக்கத்தால் இமையைத் திறக்கவே முடியவில்லை என்றால் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். அதுவே மருத்துவமனைக்குப் போகப் போதுமான காரணம்.

எங்கே போவது, என்ன சொல்வது?

மேற்சொன்ன சோதனைகளில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றால், அல்லது இமை வீக்கத்தோடு காய்ச்சலும் இருந்தால், கண்ணாடிக் கடைக்கோ மருந்தகத்துக்கோ போக வேண்டாம். பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். இரவாக இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும், பெருநாள் விடுமுறையாக இருந்தாலும் அப்படித்தான். மயக்கமோ வலிப்போ இருந்தால் 999-ஐ அழையுங்கள். சின்ன ஊரில் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்குக்குப் போனால் அவர்கள் மேல் மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார்கள்.

அங்கே பதிவு முகப்பில் "கண் வீங்கியிருக்கிறது" என்று மட்டும் சொன்னால் சாதாரண கண் வலி வரிசையில் உட்கார வைத்துவிடலாம். "ஐந்து நாளாகச் சளி, சைனஸ் இருக்கிறது. இன்று காலையிலிருந்து இந்தக் கண்ணில் பார்வை மங்குகிறது" என்று மூக்கையும் கண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, இனிப்பு நீர் உண்டா, என்னென்ன மருந்து எடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நாட்டு மருந்து எடுத்திருந்தால் மறைக்க வேண்டாம். அந்த டப்பாவையே கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மருத்துவர்கள் பார்வையையும் கண்மணியையும் சோதித்து, சிடி ஸ்கேன் எடுப்பார்கள். கண்குழித் தொற்று என்றால் வார்டில் சேர்த்து, நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து பார்வையைச் சோதிப்பார். நோயாளியைத் தூங்க விடுவதில்லையே என்று கோபப்படாதீர்கள். பார்வை இறங்குகிறதா என்று அறிய வேறு வழியில்லை. சிறிய சீழ்க்கட்டி மருந்திலேயே கரையலாம், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. கரையாவிட்டால் அல்லது பார்வை குறைந்தால் காது மூக்கு தொண்டை நிபுணர் மூக்கு வழியாகவே கருவியைச் செலுத்திச் சீழை வடித்துவிடுவார். பல நேரங்களில் முகத்தில் தழும்புகூட இருக்காது. மியூக்கோசீலுக்கும் மௌன சைனஸுக்கும் பெரும்பாலும் இதே வழிதான். பூஞ்சைத் தொற்று என்றால் பூஞ்சைக்கான வலிய மருந்தோடு, இறந்த திசுவை அகற்றும் அறுவை சிகிச்சையும் சர்க்கரைக் கட்டுப்பாடும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

அன்றாடம் செய்யக்கூடியவை

சாதாரண சளி, சைனஸ் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒரு வாரம் பத்து நாளில் தானாகக் குறையும். பத்து நாளைத் தாண்டினாலோ, குறைவது போல இருந்து மீண்டும் காய்ச்சலோடு ஏறினாலோ மருத்துவரைப் பாருங்கள். தந்த நுண்ணுயிர்க்கொல்லியைப் பாதியில் நிறுத்தாதீர்கள். போன முறை மிச்சமிருந்ததைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

மூக்கைக் கழுவ உப்புக் கரைசல் நல்லது. குழாய் நீரை அப்படியே பயன்படுத்தக் கூடாது. கொதிக்க வைத்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள். மூக்கடைப்பை உடனே திறக்கும் ஸ்பிரேயை மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் அடித்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகும். மருத்துவர் தினமும் போடச் சொல்லித் தரும் ஸ்பிரே வேறு வகை. அதைச் சொன்னபடி தொடரலாம். கண் அழுத்த நோய் இருந்தால் மட்டும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். ஆவி பிடிக்கும்போது கொதிநீர்ப் பாத்திரத்தைச் சிறு பிள்ளைகள் பக்கம் வைக்காதீர்கள். தைலத்தைக் கண்ணிமையில் தடவாதீர்கள். வீங்கிய இமையைக் கசக்கவோ, பிதுக்கவோ, சூட்டு ஒத்தடம் கொடுத்துப் பார்ப்போம் என்று ஒரு நாளைக் கழிக்கவோ வேண்டாம்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் சளி பிடித்த நாட்களில் வழக்கத்தைவிட அடிக்கடி சர்க்கரையைப் பாருங்கள். உடம்பு சரியில்லாதபோதுதான் அது ஏறும்.

சைனஸ் நம்மில் பலருக்கு ஆயுள் முழுவதும் கூடவே வரும் தொல்லை. அதோடு வாழப் பழகிக்கொண்டதில் தவறில்லை. ஆனால் அது கண் பக்கம் திரும்பிய நாளில் அந்தப் பழக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, கார் சாவியை எடுங்கள். மருத்துவமனையில் "ஒன்றுமில்லை, சாதாரண வீக்கம்தான்" என்று சொல்லி அனுப்பினால் உங்களுக்கு ஒரு மாலை நேரம்தான் செலவு. இந்தப் பக்கத்தை வெட்டி, வீட்டு மருந்துப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். வீட்டில் சிறு பிள்ளைகளோ இனிப்பு நீர் உள்ள பெரியவர்களோ இருந்தால் கட்டாயம் வையுங்கள்.

அடுத்த வாரம் வேறொரு நலக் குறிப்போடு சந்திப்போம்.